வாய்க்கால் மேல் போட்ட பழி

என் சம்பந்தியம்மாள் பின்னறையைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பியபோது, அவர் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் தரையில் ஈரமாகப் பதிந்தது. நான் பார்த்தேன், என் மனைவி மங்கை பார்த்தாள், அவரும் பார்த்தார். 

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் தேய்த்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். மங்கை காபி கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி."

இப்படி ஆரம்பித்தால் பின்னால் என்ன வரும் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

"தேனு எங்களுக்கும் பொண்ணு மாதிரிதான். தை கடைசியில வளைகாப்பு வெச்சிருக்கோம். அதுக்குள்ள இந்தத் தரை காஞ்சிடுச்சுன்னா மொறைப்படி நீங்க கூட்டிட்டு வாங்க. காயலன்னா பிரசவம் குத்தாலத்துல எங்க வீட்டுலயே ஆகட்டும். இந்த ஈரத்துல பச்சப் புள்ளைய எப்படிங்க போட்டு வெப்பீங்க?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, இந்தப் பின்னறை, அவ்வளவுதான். குளியலறையோடு சேர்ந்திருப்பது பின்னறை மட்டுமே. எங்கள் ஒரே பெண் தேன்மொழி பிள்ளை பெற்றுவந்து படுக்கவேண்டிய அறை அதுதான். அதன் தரைதான் கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தது.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு மங்கை அந்தக் காலடிகளைத் துணியால் துடைத்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. "தலைப் பிரசவத்துக்குக்கூட என் பொண்ண என் வீட்டுல வெச்சுக்க முடியாதா?" என்று ஒரு தரம்தான் கேட்டாள். அப்போது மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

குனியாமல் சொன்ன தீர்ப்பு

இந்த வாரம்தான் இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தவன். சர்க்கார் பதிவேட்டில் அதற்கு லஸ்கர் என்று பெயர். குடவாசல் பக்கத்தில் எத்தனையோ பேர் வயலுக்குப் போன தண்ணீர் என் கையைத் தாண்டித்தான் போனது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் மங்கை சிரிப்பாள்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால், முப்பது அடி தள்ளி, அதே வாய்க்கால் ஓடுகிறது. நான் ஆனியில் ஓய்வு பெற்ற வாரம்தான் அந்த வருஷத்து மேட்டூர்த் தண்ணீர் அதில் வந்து சேர்ந்தது. ஆடி பிறந்த சில நாளில், பின்னறையில் சமையலறைச் சுவரை ஒட்டி, தரையில் கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் பூமிக்கே தெரியும். கிணறு ஏறும். கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் கசியும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஜனங்கள் நாங்கள். ஆகவே மங்கை கூப்பிட்டுக் காட்டியதும் நான் குனிந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்.

"ஊத்து எடுக்குது. வாய்க்கால்ல தண்ணி நின்னா தானா காஞ்சிடும்."

"வீடு கட்டிப் பதினோரு வருஷமாச்சு. பதினோரு வருஷமும் வாய்க்கால் ஓடத்தானே ஓடுச்சு? இந்த வருஷம் மட்டும் என்ன?"

"இந்த வருஷம் தூர் வாரியிருக்காங்க. வாய்க்கால் ஆழமாயிடுச்சு. உனக்கென்ன தெரியும்?"

ஆவணியில் அவள் இன்னொன்று சொன்னாள். மாடித் தொட்டி முன்பெல்லாம் இரண்டு நாள் வரும், இப்போது ஒரே நாளில் காலியாகிறது என்று. "நீ பாத்திரம் தேய்க்கிற லட்சணம் அப்படி. குழாயைத் தொறந்து விட்டுட்டு டிவி பாத்தா?" என்றேன்.  அன்றைக்கு நான் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

புரட்டாசியில் ஈரம் கட்டில்கால் வரை வந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "பைப்பைப் பாருங்க" என்றார்கள். நான் எல்லாருக்கும் நிலத்தடி நீரைப் பற்றிப் பாடம் நடத்தி அனுப்பினேன்.

அதோடு விட்டேனா? வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் நடுவே, கொல்லையின் நீளத்துக்கு, இடுப்பளவு பள்ளம் வெட்டினேன். வயலிலிருந்து களிமண் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் காலாலேயே மிதித்தேன். கரை கசிந்தால் அப்படித்தான் செய்வோம். அரசாங்கமே அப்படி ஒரு கரை போட்டிருக்காது, அத்தனை பிரமாதமாக வந்தது. மங்கையின் இரண்டு வாழைக்கன்று அதில் போயிற்று.

உள்ளே ஈரம் ஒரு விரற்கடை குறையவில்லை. ஐப்பசி மழை வந்ததும் "மழைதான் காரணம்" என்றேன். அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது, கார்த்திகையோடு நின்றுபோனது. ஈரம் நிற்கவில்லை.

நண்டு வளை

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். என் முட்டாள்தனத்தின் அளவு அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அடைமழைக் காலத்தில் ஒருநாள் கரையின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் பீறிட ஆரம்பித்தது. ஊரே திரண்டு வந்து, தண்ணீர் வருகிற இடத்தில் மணல் மூட்டையைப் போட்டுப் போட்டு அமுக்கியது. அமுக்க அமுக்க அது பக்கத்தில் வந்தது. அங்கே அமுக்கினால் இன்னும் கொஞ்சம் தள்ளி வந்தது.

நான் வாய்க்காலுக்குள் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் கரையோரமாகக் காலால் தடவிக்கொண்டே நடந்தேன். பத்தடி தள்ளி ஓர் இடத்தில் என் கால் கட்டைவிரலைத் தண்ணீர் உள்ளே இழுத்தது. நண்டு வளை. வைக்கோல் பிரியும் களிமண்ணும் சேர்த்து அதில் அடைத்தேன். வெளியே பீறிட்டது அடுத்த நிமிஷமே அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு புது ஆளிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். வெளியே வருகிற இடத்தில் அடைக்காதே, உள்ளே போகிற இடத்தைத் தேடு என்று. முப்பது வருஷம் ஊருக்குச் சொன்னவன், என் வீட்டுத் தரையில் ஈரம் தெரிந்த இடத்தையே அரை வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கேட்கக்கூடாததைக் கேட்டேன்

சம்பந்தியம்மாள் வந்துபோன மறுநாள் காலையில் ஷட்டரடிக்குப் போனேன். எனக்குப் பின்னால் அந்த வேலைக்கு வந்தவள் சுதா. கெட்டிக்காரப் பெண். சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சுதா, ஒரு உதவி. வீட்டுத் தரை காயணும். நாலு நாள் நம்ம வாய்க்கால அடைச்சு வையேன். யாராச்சும் கேட்டா ஷட்டர் ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள்.

"சார், பயிர் பால் புடிக்கிற நேரம். இப்பத்தான் தண்ணி ரொம்ப வேணும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா கேக்குறீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் காலத்தில் இதே இடத்தில் பெரிய மனுஷர்கள் எத்தனையோ பேர் வந்து கேட்டு, நான் முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வரிசையில் கடைசி ஆளாக நானே போய் நின்றேன். அதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சுதா என்னை மேலும் சங்கடப்படுத்தவில்லை. "வர்ற வியாழக்கிழமை முறை மாத்துறாங்க சார். மேட்டூர்ல தண்ணி கம்மி. ஆறு நாள் நமக்கு, ஆறு நாள் பக்கத்து வாய்க்காலுக்கு. அப்ப எப்படியும் காஞ்சிரும், வீட்டைப் பாத்துக்குங்க" என்றாள்.

ஆறு நாள்

வியாழக்கிழமை வாய்க்கால் நின்றது. நான் கிணற்று உறையில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே போயிருந்தது. மூன்றாம் நாள் ஒரு முழம். எனக்கு ஒரே உற்சாகம். பின்னறையில் மேஜை விசிறியைத் தரையைப் பார்த்து வைத்தேன். தேனுக்கு போன் போட்டு, "தரை காயப்போகுதும்மா, உன் மாமியார்கிட்ட சொல்லு" என்றேன்.

"காய்ஞ்சப்பறம் சொல்லுங்கப்பா" என்றாள் என் பெண். அவள் அம்மாவைப்போலத்தான் அவளும்.

ஐந்தாம் நாள் காலையில் மங்கை கொல்லையிலிருந்து வந்தாள். கோபமில்லை, அழுகையில்லை, குரலில் ஒன்றுமே இல்லை.

"வாய்க்கால்ல ஆடு மேயுதுங்க. இங்க இன்னும் ஊறுது."

போய்ப் பார்த்தேன். வாய்க்காலின் நடுவில் நாலு ஆடு. தரை வெடிக்க ஆரம்பித்திருந்தது. திரும்பி வந்து பின்னறைச் சுவரோரம் விரலை வைத்தேன். விரல் நனைந்தது. அப்போதுதான், அரை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தத் தரைக்கு முன்னால் நான் முழங்காலில் உட்கார்ந்தேன்.

"யாரையாவது கூப்பிடு" என்றேன். அவள் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

பாய் கேட்ட பென்சில்

வந்தவர் ஜபருல்லா. எங்கள் பக்கத்துத் தெருக்காரர். பன்னிரண்டு வருஷம் கத்தாரில் பெரிய கட்டடங்களில் குழாய் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம்.

தரையை ஒரு பார்வை பார்த்தார். உட்காரவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. "ஒரு பென்சில் இருக்குமா அண்ணே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பாய், ஈரம் கீழே இருக்கு."

"ஈரம் கீழதான் இருக்கும்ணே. தண்ணி அங்க இருக்காது. எங்கயோ கெளம்பி எங்கயோ வந்து நிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நண்டு வளை.

தொட்டியிலிருந்து மூன்று குழாய் இறங்குகின்றன. குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி வால்வு. மூன்றையும் மூடிவிட்டு, தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். கீழே யாரும் குழாயைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். மங்கை முன்னாலேயே குடங்களில் பிடித்து வைத்திருந்தாள்.

பிறகு கூடத்துக்கு வந்து டீ குடித்தார். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"இந்த வேலையில பாதி இப்படி உக்காந்திருக்கிறதுதான். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தா வீடு பூரா ஒடைக்கணும்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து மட்டம் கோட்டிலேயே நின்றது. தொட்டியில் ஓட்டை இல்லை. அடுத்து குளியலறை வால்வை மட்டும் திறந்தார். கூடவே கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை நாலு துளி விட்டார். அது கசிந்தால் கோப்பையில் நீலம் இறங்குமாம். இறங்கவில்லை. மட்டமும் அசையவில்லை. கொல்லைக் குழாய்க்கும் அதே சோதனை, அதே பதில்.

சமையலறை வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் காத்திருந்து மேலே போனோம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. கீழே ஒரு குழாயும் திறக்கவில்லை.

நான் மங்கையைப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற லட்சணம் என்று நான் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவள் படியிறங்கிப் போனாள். சொல்லியிருந்தால் தேவலை.

போட்டோவுக்குப் பின்னால்

"சமையலறைக் கொழா சொவருக்குள்ள எந்த வழியா எறங்குது? கட்டும்போது போட்டோ ஏதும் எடுத்து வெச்சீங்களா அண்ணே?"

அதெல்லாம் யார் எடுத்தார்கள்? வால்வுக்கு நேர் கீழே பார்த்துக்கொண்டு வந்தார். சமையலறைப் பக்கத்தில் டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. பின்னறைப் பக்கம் வந்தார். அதே சுவரின் மறுபக்கம். கீழே உப்பிய பெயின்ட். அதற்கு நேர் மேலே, என் தலை உயரத்துக்கு, என் போட்டோ.

என் பிரிவு உபசார விழாவில் எடுத்தது. கழுத்தில் மாலை, தோளில் சால்வை, கை ஷட்டர் சக்கரத்தின் மேல். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓய்வு பெற்ற அதே வாரம் நான்தான் மாட்டினேன். மங்கை தினம் துணியால் கண்ணாடியைத் துடைப்பாள். யாரும் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை.

"இதைக் கொஞ்சம் எறக்கிக்கலாமா?" என்றார் பாய்.

இறக்கினார். சட்டத்தின் பின் அட்டை ஊறிக் கறுத்து, கையோடு பிய்ந்து வந்தது. சுவரில் தட்டளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தின் நடுவில் துருப்பிடித்த நாலு அங்குல ஆணி. அது சுவரில் நுழைந்த இடத்தில் ஒரு சொட்டு சேர்ந்து, கனத்து, சுவருக்குள்ளேயே சறுக்கி மறைந்தது. இன்னொரு சொட்டு சேர்ந்தது.

"யாரு அடிச்ச ஆணி?" என்று பாய் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மேற்கொண்டு கேட்கவேண்டியிருக்கவில்லை.

ஆணி நேராகக் குழாயில் இறங்கியிருக்கிறது. ஓட்டையும் அதுதான், அதற்கு அடைப்பும் அதுதான். அதனால் பீறிடாமல், குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடிப் பள்ளம் வழியாகவே இறங்கி இறங்கித் தரைக்குப் போயிருக்கிறது. ஆணி துருப்பிடிக்கப் பிடிக்கக் கசிவு அதிகமாயிற்று. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்ததும் நான் ஆணி அடித்ததும் ஒரே வாரம். பழி பூராவும் வாய்க்கால் மேல் போய்விட்டது.

மங்கை திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவள் ஆணியைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக நான் போட்ட களிமண் கரையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாய்க்கும் தொற்றிக்கொண்டது.

பாதியில் அவள் சிரிப்பு அழுகையாயிற்று. "வேற ஒண்ணும் இல்லல்ல பாய்? இதான? இதை அடைச்சா காஞ்சிடும்ல?"

"இதான்க்கா. மூணு வாரம் விட்டா பிஸ்கட் மாதிரி காயும்."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

பத்து நிமிஷ வேலை

சொன்னால் நம்பமாட்டீர்கள். காரையைக் கொத்தி, ஆணியைப் பிடுங்கி, ஓட்டைப்பட்ட துண்டை அறுத்து எடுத்துவிட்டு, புதுத் துண்டு வைத்துப் பசை தடவி ஒட்டியதற்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. பசை நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் வால்வைத் திறந்தார். ஒட்டின இடத்தில் செய்தித்தாளைச் சுற்றிவைத்து, நனைகிறதா என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நனையவில்லை.

அவசரப்பட்டு உடனே பூசிவிடாதீர்கள், சுவர் மூச்சு விடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தரையில் நாலு டைல்ஸைப் பெயர்த்து, ஊறிய மணலை அள்ளிப் போட்டோம். விசிறி இரவும் பகலும் ஓடியது.

"சம்பந்திக்கு போன் பண்ணுங்க. பைப்பு லீக்குன்னு மட்டும் சொல்லுங்க, ஆணியைப் பத்திச் சொல்லாதீங்க" என்றாள் மங்கை. என் மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு அத்தனை அக்கறை. நான் ஆணியைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். களிமண் கரையையும் சொன்னேன்.

 அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் சிரித்தார். "எங்க வீட்டுல ஒரு ஆளு மோட்டார் ரிப்பேர் பண்றேன்னு தெருவுக்கே கரண்ட்ட நிறுத்தினாரு. அத தேனு உங்ககிட்ட சொல்லலையா?"

தை நடுவில் அவர் மறுபடி வந்தார். செருப்பை வாசலில் விட்டு, நேராகப் பின்னறைக்குப் போய், சுவரோரம் வெறுங்காலோடு நடந்தார். கூடத்துக்குத் திரும்பியபோது தரையில் ஒரு தடமும் இல்லை. "வளைகாப்பு முடிஞ்ச கையோட கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். மங்கை வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஏழு அடி

தேனு வந்த மறுநாள் காலை. நான் பின்னறை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் போட்டோ பீரோ மேல் சாய்ந்திருந்தது. மாலையும் சால்வையும் தப்பிவிட்டன, என் முகம்தான் பாதி அழிந்துபோயிற்று. அதை எங்கே மாட்டுவது என்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. வீட்டில் சுத்தியல் எங்கே இருக்கிறது என்பதையும் மங்கை எனக்குச் சொல்வதில்லை.

தேனு குளித்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெல்ல நடந்து கட்டிலுக்கு வந்தாள். கை நிறைய வளையல். குளியலறையிலிருந்து கட்டில் வரைக்கும் அவள் காலடி ஈரமாகப் பதிந்திருந்தது. ஏழு அடி.

எனக்குத் திக்கென்றது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தரையையே பார்த்தேன்.

"என்னப்பா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ தலையத் துவட்டு."

குளியலறை வாசலில் இருந்த முதல் அடியில் விரல்கள் மறைந்தன, பிறகு குதிகால். அடுத்தது. அதற்கடுத்தது. மங்கை காபியோடு வந்தபோது கட்டிலடியில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அவளும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அது காயும் வரை என் பக்கத்தில் நின்றாள்.